கையெழுத்துப் போடுகிறவருக்குப் புரிய வேண்டாமா?



கொஞ்சம் நீளமான பதிவு. சுருக்கமாக எழுதுங்கள் என்று சொல்ல இவ்வளவு நீளமா என்று கேட்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: இதற்கு நான் ஃபீஸ் வாங்கவில்லை.

"வக்கீல் எழுத்துன்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்ற பேச்சை இனிமேல் என்னிடம் யாரும் பேச வேண்டாம். என்னிடம் தமிழ் படித்தவர்களில் பலர் இன்று கறுப்புக் கோட்டு போட்டிருக்கிறீர்கள். திருப்பூர், அவிநாசி, பல்லடம், தாராபுரம் என்று எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் "ஐயா, நல்லா இருக்கீங்களா?" என்று ஒருவராவது ஓடி வருகிறீர்கள். அதில் எனக்குப் பெருமைதான். அந்த உரிமையில்தான் சண்டைக்கு வருகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒரு புது வேலை சேர்ந்திருக்கிறது. தெருவில் யாருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தாலும் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறது. செக்கிங் காண்ட்ராக்ட் எடுக்கிற தம்பி, காஜா பட்டன் அடிக்கிற அம்மணி, நாலு தறி வைத்து ஓட்டுகிற அண்ணன் என்று யார் வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: "ஏனுங் சார், இதுல என்னதானுங்க எழுதியிருக்குது?"

அவர்களுக்குத் தெரிய வேண்டியது மூன்றே விஷயம். எவ்வளவு தர வேண்டும்? எத்தனை நாளுக்குள் தர வேண்டும்? தராவிட்டால் என்ன ஆகும்? இந்த மூன்றையும் நாலு பக்க நோட்டீஸில் நான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. நாற்பது வருடம் விடைத்தாள் திருத்திய கண்ணுக்கே இந்தப் பாடு என்றால், எட்டாம் வகுப்போடு பனியன் கம்பெனிக்குப் போனவர் என்ன செய்வார்?

ஒரு மாதிரி காட்டுகிறேன். பல நோட்டீஸ்களைப் பார்த்த பழக்கத்தில் நானே எழுதியது. யாரையும் குறிக்காது.

"எனது கட்சிக்காரர் தங்களுக்கு அறிவிப்பது யாதெனில், தாங்கள் எனது கட்சிக்காரருடன் மேற்படி தொழில் நிமித்தமாக நாளது வரையில் நடத்தி வந்த வரவு செலவு வகையில் தங்களால் செலுத்தப்பட வேண்டியதாக ஏற்பட்டுள்ள மேற்படி தொகைக்காக மேற்படி தேதியில் தங்களால் கொடுக்கப்பட்ட மேற்படி காசோலையானது மேற்படி வங்கியில் வசூலுக்குச் செலுத்தப்பட்டபோது போதிய நிதியில்லை என்ற காரணத்தால் திருப்பப்பட்டு, அதனைத் தாங்கள் நன்கு அறிந்திருந்தும் வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்துடன், எனது கட்சிக்காரரை ஏமாற்றும் நோக்கத்துடன்..."

வாக்கியம் இன்னும் முடியவில்லை. ஐந்து "மேற்படி" வந்துவிட்டது. எவ்வளவு ரூபாய் என்று மட்டும் வரவில்லை.

இதே சங்கதியை இப்படி எழுதினால் என்ன கெட்டுப்போகும்?

1. நிட்டிங் கூலி பாக்கிக்காக நீங்கள் என் கட்சிக்காரருக்கு 3-3-2025 தேதியிட்ட செக் கொடுத்தீர்கள். செக் எண், வங்கி, கிளை விவரம் கீழே உள்ளது. தொகை ரூ.1,80,000 (ஒரு லட்சத்து எண்பதாயிரம்).
2. கணக்கில் பணம் போதவில்லை என்று வங்கி 6-3-2025 அன்று அதைத் திருப்பி அனுப்பியது.
3. இந்த நோட்டீஸ் உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் செக் தொகையான ரூ.1,80,000-ஐ என் கட்சிக்காரருக்குச் செலுத்த வேண்டும்.
4. செலுத்தாவிட்டால் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881, பிரிவு 138-இன்படி உங்கள் மீது குற்ற வழக்குத் தொடரப்படும். அதற்கு இரண்டு வருடம் வரை சிறையோ, செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

நாலே பத்தி. படித்தவருக்கு வயிறு கலங்குமா, கலங்காதா? நிச்சயம் கலங்கும். அவருக்குப் புரிந்துவிட்டதே!

ஒரு மாணவன் என்னிடம் வாதாடினான்: "ஐயா, நோட்டீஸ் புரியறதுக்கு இல்லைங்க, பயப்படறதுக்கு." நான் கேட்டேன்: "சாமி, உன் கட்சிக்காரருக்கு வேண்டியது கேஸா, பணமா?" ஜாப் ஒர்க் கூலி வராமல் வாரச் சம்பளம் போட முடியாமல் தவிக்கிறவருக்குப் பணம்தானே வேண்டும்? சட்டமே அதற்காகத்தான் 15 நாள் அவகாசம் தருகிறது. அதற்குள் பணத்தைக் கட்டிவிட்டால் குற்றமே இல்லை. வாங்கினவருக்கு நோட்டீஸ் புரியாமல் அந்தப் பதினைந்து நாளும் ஓடிப்போனால் நஷ்டம் இரண்டு பேருக்கும்தான். அதன் பிறகு வருடக் கணக்கில் வாய்தா.

குழப்பி எழுதினால் கேஸே கையை விட்டுப் போகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ராகுல் பில்டர்ஸ் வழக்கு என்று வக்கீல்கள் அறிவீர்கள். 2007-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. செக் ஒரு லட்ச ரூபாய்க்கு. நோட்டீஸில் கேட்டதோ பாக்கி பில் தொகை 8,72,409 ரூபாய். செக் தொகையைத் தனியாகச் சுட்டிக் கேட்கவில்லை. அந்த நோட்டீஸ் செல்லாது என்று தீர்ப்பாகி, வழக்கு அதோடு விழுந்தது. 2025-இல் காவேரி பிளாஸ்டிக்ஸ் வழக்கிலும் அதே கதை. செக் ஒரு கோடிக்கு, நோட்டீஸில் இரண்டு கோடி. தட்டச்சுப் பிழை என்று சொல்லிப் பார்த்தார்கள். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

இங்கே கவனியுங்கள். "ஏமாற்றும் நோக்கத்துடன்", "கெட்ட எண்ணத்துடன்" என்ற அடுக்குச் சொற்கள் நோட்டீஸைக் காப்பாற்றுவதில்லை. காப்பாற்றுவது சரியான தொகையைச் சரியாகச் சொன்ன ஒரு வரி. அந்த ஒரு வரி நாலு பக்கத்துக்குள் புதைந்து கிடந்தால் எழுதியவர் கண்ணுக்கே பிழை தெரியாது. நாலு பத்தி நோட்டீஸில் ஒரு பூஜ்யம் கூடினால் ஆபீஸ் பையன் கூடக் கண்டுபிடித்துவிடுவான்.

"சுருக்கமா எழுதினா சட்டத்துக்கு ஒத்து வருமா ஐயா?" என்று கேட்பீர்கள். சுருக்கமாக எழுதச் சொல்வதே சட்டம்தான் அப்பா! உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908-இல் வந்தது. அதன் ஆணை 6, விதி 2 என்ன சொல்கிறது? வழக்குரையில் முக்கியமான சங்கதிகள் மட்டுமே, சுருக்கமான வடிவில் இருக்க வேண்டும். சாட்சியத்தை அதில் கொட்டக் கூடாது. பத்தி பத்தியாகப் பிரித்து வரிசை எண் போட வேண்டும். தேதி, தொகை, எண் எல்லாம் இலக்கத்திலும் எழுத்திலும் இருக்க வேண்டும். தேவையில்லாததை அடித்துவிடச் சொல்லும் அதிகாரம் விதி 16-இல் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேலாக உங்கள் அலமாரியில் இருக்கிற புத்தகம். நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. உங்கள் புத்தகத்தில் இருப்பதைத்தான் கேட்கிறேன்.

என் புத்தகத்திலும் இருக்கிறது. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரை நம் பெருந்துறைப் பக்கம் சீனாபுரத்துக்காரர் என்று பெருமையாகச் சொல்கிறோம். ஒரு நூலுக்கு வரக்கூடாத பத்துக் குற்றங்களை அவர் பட்டியல் போட்டிருக்கிறார். வகுப்பில் மனப்பாடம் செய்து, பத்துக்குப் பத்து மார்க் வாங்கி, மறந்துவிட்டீர்கள். சொன்னதையே திரும்பச் சொல்வது ஒரு குற்றம். "மேற்படி தொகையை மேற்படி நபர்" அதுதான். தேவைக்கு மேல் சொல்வது ஒரு குற்றம். படிக்கிறவரை இதுவா அதுவா என்று மயங்க வைப்பது ஒரு குற்றம். எடுத்ததை விட்டுவிட்டு வேறொன்றை விரித்துக்கொண்டு போவதும் குற்றம். உங்கள் ஆபீஸில் நேற்று டைப் ஆன பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எத்தனைக்கு டிக் அடிக்கிறீர்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

நீதிபதிகள் எழுதுவது மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பீர்கள். நியாயம்தான். 2017-இல் இமாசலப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு, வீட்டுக்காரர் - குடியிருப்பவர் தகராறு, உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. படித்துப் பார்த்தும் புரியவில்லை என்பதற்காகவே ரத்து செய்து, திரும்ப எழுதச் சொல்லி அனுப்பினார்கள். அதே உயர் நீதிமன்றத்தின் இன்னொரு தீர்ப்பு 2021-இல் வந்தது. ஒரு வங்கி ஊழியரின் வேலை சம்பந்தப்பட்ட வழக்கு. அதைப் படித்து முடித்தபோது டைகர் பாம் தடவ வேண்டியதாகிவிட்டது என்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் திறந்த கோர்ட்டிலேயே சொன்னார். 2022 ஆகஸ்டில் அந்த வழக்கில் வந்த தீர்ப்பில், தீர்ப்பு எழுதுவது எப்படி என்று உச்ச நீதிமன்றம் விளக்கமாகவே எழுதிவிட்டது. தீர்ப்பு யாருடைய வாழ்க்கையைத் தொடுகிறதோ அவருக்கு அது விளங்க வேண்டும், பத்திகளுக்கு எண் போட வேண்டும், கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டும் பழக்கம் எழுத்தைக் கெடுக்கிறது என்பது அதன் சாரம்.

1596-இல் இங்கிலாந்தில் நடந்த கூத்து இன்னும் கடுமை. 16 தாளில் முடிக்க வேண்டிய பதிலுரையை ஒருவர் 120 தாளுக்கு இழுத்திருந்தார். நீதிபதிக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கட்டின் நடுவில் ஓட்டை போட்டு, அவர் தலையை அதற்குள் நுழைத்து, மாலை மாதிரித் தொங்கவிட்டு, வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் நடந்துகொண்டிருந்த கோர்ட்டுகளைச் சுற்றி நடத்திக் காட்ட உத்தரவு போட்டார். அபராதம் வேறு. நம் ஊரில் அந்தத் தண்டனை வந்தால் கோர்ட் வாசலில் மாலைகளுக்குப் பஞ்சம் இருக்காது.

அதே இங்கிலாந்தில் 1999-இல் சிவில் விதிகளைத் திருத்தியபோது, வழக்குப் போடுகிறவரைக் குறிக்கும் பழைய சொல்லையே எடுத்துவிட்டு, "கோருகிறவர்" என்று பொருள்படும் எளிய சொல்லை வைத்தார்கள். நமக்கு இங்கிலீஷ் சட்ட நடையைக் கொடுத்தவர்களே அதைக் கழற்றி வைத்துவிட்டார்கள். நாம்தான் இன்னும் அவர்கள் தாத்தாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு வேர்த்துக் கொட்டுகிறோம்.

நம் தமிழ்நாட்டிலும் வழி காட்டியவர் உண்டு. மாயூரம் வேதநாயகம் பிள்ளை. முதல் தமிழ் நாவல் எழுதியவர் என்றுதான் வகுப்பில் படித்தீர்கள். அவர் முன்சீப். 1805 முதல் 1861 வரையிலான சதர் கோர்ட் தீர்ப்புகளைத் தமிழில் தந்து "சித்தாந்த சங்கிரகம்" என்ற நூலாக்கியவர் அவர்தான். தமிழ் பேசும் கட்சிக்காரருக்காக, தமிழ் தெரிந்த நீதிபதி முன்னால், தமிழ் வக்கீல் இங்கிலீஷில் வாதாடும் கூத்தை 1879-இல் வந்த அந்த நாவலிலேயே கிண்டல் செய்திருக்கிறார். அந்தக் கிண்டல் இன்றைக்கும் பொருந்துகிறது என்பதுதான் வருத்தம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் எழுதிவிட்டால் மட்டும் புரிந்துவிடாது. இது சொந்தபந்தங்களுக்குத் தெரியும். நம் உறவிலேயே ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம். பெயர் வேண்டாம். சுத்தமான தமிழ் எழுத்தில்தான் இருக்கிறது. புத்திர பௌத்திர பாரம்பரியமாய் என்றும், தானாதி விற்கிரயங்களுக்கு யோக்கியமாய் என்றும், ஜலம், தரு, பாஷாணம், நிதி, நிட்சேபம் என்றும் அரைப் பக்கம். பூமிக்குள் புதையல் இருந்தால் யாருக்குச் சேரும் என்பது வரை வந்துவிட்டது. பின்னால் இருக்கிற தோட்டத்துக்குப் போகிற தடத்துக்கு மட்டும் "மாமூல் வழித்தட பாத்தியம் சகிதம்" என்று ஒரே வரி. எத்தனை அடி அகலம் என்று இல்லை. எந்த எல்லையை ஒட்டி என்று இல்லை.

எழுதிய காலத்தில் அந்தத் தடத்தில் மாட்டு வண்டி போனது. இன்றைக்குப் பின்னால் இருப்பவர் செட் போட்டு நிட்டிங் மெஷின் இறக்க வேண்டும். லாரி வர வேண்டும். மாமூல் என்றால் வண்டித் தடம் எட்டடி என்கிறார் ஒருவர். இருபதடி என்கிறார் இன்னொருவர். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு வக்கீல் வைத்துக்கொண்டு, கோவில் நோம்பிக்குக் கூட முகம் பார்ப்பதில்லை. "தென்வடலாக 20 அடி அகலம், கிழக்கு எல்லையை ஒட்டி, கார், லாரி போக வர" என்று பத்துச் சொல் எழுதியிருந்தால் அண்ணன் தம்பி அண்ணன் தம்பியாகவே இருந்திருப்பார்கள். புதையலுக்கு இடம் இருந்த பத்திரத்தில் இருபதடிக்கு இடம் இல்லாமல் போயிற்று.

பத்திரம் எழுதியவருக்குத் தமிழ் தெரியாமல் இல்லை. முந்தைய பத்திரத்தைப் பார்த்து எழுதினார். முந்தையவர் அதற்கு முந்தையதைப் பார்த்து எழுதினார். யாரும் அந்த நிலத்தைப் பார்த்து எழுதவில்லை.

தமிழாசிரியன் என்பதால் தனித்தமிழில் எழுதச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். வாய்தா, ஜாமீன், ஜப்தி எல்லாம் எங்கிருந்தோ வந்த சொற்கள்தான். ஆனால் தறி ஓட்டுகிறவருக்கும் புரியும். அப்படியே எழுதுங்கள். அகராதியில் தேடி எடுத்த அழகான சொல் உங்கள் கட்சிக்காரருக்குத் தெரியாதென்றால், அதுவும் இன்னொரு "பாஷாணம்"தான்.

பனியன் கம்பெனி சங்கதிக்கு வருகிறேன். 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம், கம்பெனியில் ஒட்ட வேண்டிய அறிவிப்புகள் இங்கிலீஷிலும், பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. 1946-இன் நிலையாணைச் சட்டமும் வேலை விதிகளை அதே போல வாசலருகே ஒட்டச் சொன்னது. அன்றைக்கே அவ்வளவு யோசித்தார்கள். இன்று திருப்பூரில் ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் பிள்ளைகள் வந்து தைக்கிறார்கள். வேலையை விட்டு நிற்கும்போது "முழுவதும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற பேப்பரில் கையெழுத்து வாங்குகிறார்கள். அது எந்த மொழியில் இருக்கிறது? கையெழுத்துப் போடுகிற அந்தப் பெண்ணுக்கு, தன் பி.எஃப். என்ன ஆகிறது, போனஸ் சேர்ந்ததா இல்லையா என்று அதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடிகிறதா? அந்தப் பேப்பரை எழுதிக் கொடுத்தவர் என்னிடம் படித்தவராக இருந்தால், இந்தக் கேள்வி அவருக்குத்தான்.

இனி உங்கள் வாதங்களுக்கு வருகிறேன்.

"ஒரு சொல் மாறினாலும் வழக்கு போயிடும் ஐயா." ஒப்புக்கொள்கிறேன். சட்டத்துக்கென்று சில சொற்கள் உண்டு, அவற்றைத் தொடக் கூடாது. ஆனால் ஒரு நோட்டீஸில் அப்படி எத்தனை சொல் இருக்கும்? விரல் விட்டு எண்ணிவிடலாம். மீதி "யாதெனில்" எல்லாம் எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

"நாலு பக்கம் இருந்தாத்தான் கட்சிக்காரர் ஃபீஸ் தர்றாருங்க." இந்த ஊரில் இருந்துகொண்டா இதைச் சொல்கிறீர்கள்? கோடிக்கணக்கில் மதிப்புள்ள ஏற்றுமதி ஆர்டர் எந்தக் காகிதத்தில் ஓடுகிறது? துணி 180 ஜி.எஸ்.எம்., இன்ன கலர், இன்ன சைஸில் இத்தனை பீஸ், கப்பல் ஏறும் தேதி இது. கட்டிங் மாஸ்டரும் பார்க்கிறார், அயர்ன் மாஸ்டரும் பார்க்கிறார், எல்லோருக்கும் ஒரே பொருள். "மேற்படி ஓரளவு கனமான துணி வகையில்" என்று எழுதினால் நிட்டிங்காரர் எந்த மெஷினில் ஓட்டுவார்? தெளிவுக்குக் காசு கொடுத்துப் பழகின ஊர் இது. உங்கள் கட்சிக்காரருக்கும் அது புரியும், நீங்கள் ஒருமுறை எழுதிக் காட்டினால்.

மூன்றாவது வாதத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நானே சொல்கிறேன். எல்லோருக்கும் புரிந்துவிட்டால் வக்கீல் எதற்கு என்ற பயம். அது வேண்டாத பயம். எக்ஸ்ரேயை எடுத்துக் காட்டி விளக்குகிற டாக்டரிடம் கூட்டம் குறைகிறதா? கூடத்தான் செய்கிறது. எதை எழுத வேண்டும், எதை விட வேண்டும் என்று தெரிவதுதான் படிப்பு. அந்த முடிவை எடுக்கத் தெரியாதவர்தான் எல்லாவற்றையும் கொட்டுகிறார்.

ஆகவே, வக்கீல் மாணவர்களிடம் நான் கேட்பது நாலுதான். முதல் பத்தியிலேயே என்ன வேண்டும் என்று சொல்லுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு சங்கதி. தொகை, தேதி, அளவு மூன்றையும் ஒரு முறை சரியாக எழுதி, இன்னொருவரை விட்டுச் சரிபாருங்கள். கடைசியாக, கையெழுத்து வாங்கும் முன் கட்சிக்காரருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் அவர் முகம் சுருங்குகிறதோ அந்த இடத்தைத் திருத்துங்கள்.

சொந்தபந்தங்களுக்கு ஒன்றே ஒன்று. எந்தப் பேப்பரானாலும், அதில் என்ன இருக்கிறது என்று உங்கள் வாயால் திருப்பிச் சொல்ல முடிகிற வரைக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். "படிச்சவங்க எழுதியிருப்பாங்க, சரியாத்தான் இருக்கும்" என்ற மரியாதையை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். பத்திரம் எழுதுகிறவர் முகம் கோணினால் கோணட்டும். தடம் எத்தனை அடி என்று கேளுங்கள்.

என் மேல் கோபம் வந்த வக்கீல் பிள்ளைகள் கீழே வந்து திட்டலாம். பதில் சொல்கிறேன். அதைவிட நல்லது, நீங்கள் எழுதிய நோட்டீஸ் ஒன்றை, பெயர் விவரங்களை அடித்துவிட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சிவப்பு மைப் பேனா இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது. இந்த முறை மார்க் போட மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் தமிழய்யா